தோட்டாவுக்கும் கணக்கு வேண்டும்

நெல் குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டால் வன்னியிலும் சரி, மட்டக்களப்பின் படுவான்கரையிலும் சரி, கமக்காரருக்கு இரவில் நித்திரை இல்லை. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு முறை வயலில் இறங்கினால், மூன்று மாதப் பாடு ஓர் இரவில் சேறாகிவிடும். கச்சான் தோட்டம் என்றாலும் மரவள்ளி என்றாலும் இதே கதைதான். தகரம் தட்டுகிறோம், தீப்பந்தம் காட்டுகிறோம், காவற்கொட்டிலில் முறை வைத்து விழித்திருக்கிறோம். பல ஆண்டுகள் அகதி முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்துவிட்டு, கடன் வாங்கி முதற்போகம் விதைத்த குடும்பத்துக்கு இந்த இழப்பு சிறியதல்ல.

ஆகவே, கமக்காரர் கூடும் இடங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: “வயற்காவலுக்கு ஒரு துவக்கு எடுக்க முடியாதா?” துவக்கைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். ஆனால் அதற்குள் போடும் தோட்டாவைப் பற்றிக் கேட்பவர்கள் மிகச் சிலரே. எத்தனை தோட்டா வைத்திருக்கலாம்? யாரிடம் வாங்கலாம்? சுட்டதற்கு எப்படிக் கணக்குக் காட்டுவது? மிஞ்சியதை என்ன செய்வது? உண்மையில் துன்பம் பெரும்பாலும் இந்தச் சிறிய பொருளில் இருந்துதான் வருகிறது.

இக்கட்டுரை துப்பாக்கி வாங்கும்படி எவரையும் தூண்டுவதற்காக எழுதப்படவில்லை. அனுமதி பெற்றவர் தோட்டாவை எப்படிக் கணக்கு வைக்க வேண்டும் என்பதையும், அந்தக் கணக்கு ஏன் தேவை என்பதையும் விளக்குவதே நோக்கம். இதை மிகத் தெளிவாகச் சட்டமாக்கிய சில நாடுகள் உண்டு. முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு, பின்னர் எமது ஊருக்கு வருவோம்.

துப்பாக்கிக்கு இலக்கம் உண்டு, தோட்டாவுக்கு இல்லை

வயற்காவலுக்கு உலகெங்கும் பெரும்பாலும் பயன்படுவது சன்னம் போடும் வேட்டைத்துவக்கு. இதை ‘12 போர்’ என்பார்கள். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஓர் உருண்டை அந்தக் குழாய்க்குள் பொருந்தும். அதனால்தான் அந்தப் பெயர். குழாயின் உள் அகலம் ஏறத்தாழ பதினெட்டரை மில்லிமீற்றர்.

இதன் தோட்டாவை அறுத்துப் பார்த்தால் ஐந்து பொருள்கள் இருக்கும். வெளியே கடதாசி அல்லது பிளாஸ்டிக் உறை. அடியில் பித்தளை அல்லது இரும்புத் தகட்டின் நடுவே, அடிபட்டால் தீப்பற்றும் ஒரு சிறு மூடி. அதற்கு மேல் வெடிமருந்து. அதற்கு மேல் ஒரு தக்கை. அதற்கு மேல் ஈயச் சன்னங்கள். இவை எல்லாம் சேர்ந்து ஒரு விரலளவுதான். பொதுவாக 25 தோட்டாக்களை ஒரு பெட்டியில் அடைத்து விற்பார்கள்.

துப்பாக்கியைப் பாருங்கள். அதன் இரும்பில் ஓர் இலக்கம் வெட்டப்பட்டிருக்கும். அந்த இலக்கம் அனுமதிப்பத்திரத்தில் இருக்கும். அதிகாரியின் புத்தகத்திலும் இருக்கும். அது களவு போனாலும் கைமாறினாலும், பின்னர் கிடைக்கும்போது இது இன்னாருடையது என்று சொல்லலாம். தோட்டாவோ அப்படியல்ல. அதன் அடியில் செய்தவரின் பெயரும் அளவும் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு பெட்டியில் உள்ள 25 தோட்டாக்களும் ஒரே தாய்ப்பிள்ளைகள் போல ஒன்றுக்கொன்று வேறுபாடு இல்லாதவை. ஒன்று குறைந்தால், குறைந்தது எது என்று சொல்ல முடியாது. எங்கோ ஒன்று கிடந்தால், அது யாருடையது என்றும் சொல்ல முடியாது.

இதனால்தான் தோட்டாவுக்குக் கணக்கு வேண்டும் என்கிறோம். பொருளே தன்னைப் பற்றிச் சாட்சி சொல்ல முடியாதபோது, புத்தகம்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

மூன்று வழிகள்

அனுமதி பெற்றவரிடம் உள்ள தோட்டாவைக் கட்டுப்படுத்த நாடுகள் கையாளும் வழிகள் பல இருந்தாலும், அவற்றை மூன்றாகச் சுருக்கிச் சொல்லலாம். இவ்வளவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று எல்லை போடுவது ஒன்று. வாங்குவதை அட்டையில் பதிவது மற்றொன்று. சுட்டதையும் சேர்த்து வைத்திருப்பவரே புத்தகம் எழுதுவது மூன்றாவது.

முதல் வழிக்குத் தென்னாபிரிக்கா நல்ல உதாரணம். அந்நாட்டின் சுடுகலன்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஆம் ஆண்டின் 60 ஆம் இலக்கச் சட்டமாகும். அது 2004 யூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அனுமதி பெற்ற ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 200 தோட்டாக்களுக்கு மேல் ஒருவர் வைத்திருக்கக் கூடாது. முறையாகப் பதிவுபெற்ற வேட்டைக்காரருக்கும் விளையாட்டுச் சுடுநருக்கும் இதில் விலக்கு உண்டு. இன்னொரு விதியும் இருக்கிறது. தன்னிடம் அனுமதி இல்லாத வகைத் துப்பாக்கியின் தோட்டா ஒன்றைக்கூட ஒருவர் வைத்திருக்கக் கூடாது. துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் இருப்பதும் குற்றமே என்பதை இங்கு கவனிக்க வேண்டும்.

எல்லை போடுவது இலகுவான வழி, எவருக்கும் விளங்கும். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. 200 க்குள் இருக்கும்வரை, போன மாதம் வாங்கியது என்ன ஆயிற்று என்று அந்த எல்லை கேட்பதில்லை. குடத்தில் நீர் எவ்வளவு நிற்கிறது என்று அது பார்க்கும். எவ்வளவு ஒழுகியது என்று பார்க்காது.

இரண்டாவது வழியைப் பிரித்தானியாவில் காணலாம். அங்கே 1968 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் சட்டம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. றைபிள் வைத்திருப்பவருக்குப் பொலிஸ் கொடுக்கும் சான்றிதழில் இரண்டு எண்கள் எழுதப்படும். ஒரு நேரத்தில் எத்தனை ரவைகள் வைத்திருக்கலாம் என்பது ஒன்று. ஒரு தடவையில் எத்தனை வாங்கலாம் என்பது மற்றது. கடைக்காரர் விற்கும்போது அந்தச் சான்றிதழிலேயே திகதியும் தொகையும் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். தன் புத்தகத்திலும் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும்.

எமது வாசகர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. நிவாரண அட்டையில் அரிசியும் மாவும் சீனியும் பருப்பும் பதிந்து பெற்றவர்கள் நாம். சங்கக் கடையில் கொடுத்தது அட்டையிலும் விழும், கடைப் புத்தகத்திலும் விழும். இரண்டும் ஒத்திருந்தால் சண்டை இல்லை. பிரித்தானியச் சான்றிதழும் அத்தகைய ஓர் அட்டைதான்.

ஆனால் அங்கும் வயற்காவல் துப்பாக்கிக்கு விதி சற்றுத் தளர்வானது. சிறு சன்னங்கள் உள்ள சாதாரணத் தோட்டாவுக்குச் சான்றிதழில் எண் எல்லை போடப்படுவதில்லை. வாங்கும்போது சான்றிதழைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சிறு கடமைகூட ஒரு துயரத்தின் பின்னர் வந்ததே. 1987 ஓகஸ்டில் ஹங்கர்பேர்ட் என்னும் சிறுபட்டணத்தில் அனுமதி பெற்ற ஒருவர் 16 பேரைச் சுட்டுக்கொன்றார். அதன் பின்னர் கொண்டுவரப்பட்ட 1988 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்திலேயே அது சேர்க்கப்பட்டது.

யப்பான் கமக்காரரின் புத்தகம்

மூன்றாவது வழியை யப்பானில் காண்கிறோம். எமது நிலைமைக்கு மிகவும் பயன்படக்கூடியது இதுவே. ஏனென்றால் அங்கும் துப்பாக்கி எடுப்பவர்களில் பலர் மலையடிவாரத்துக் கமக்காரர்கள். மானும் காட்டுப்பன்றியும் குரங்கும் அவர்களுடைய பயிரை அழிக்கின்றன. காட்டுமிருகங்களால் அந்நாட்டின் விவசாயத்துக்கு ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு ஆயிரம் கோடி யென்னுக்கும் மேல். அவர்களுடைய வேட்டைக்காலம் பெரும்பாலான இடங்களில் நவம்பர் 15 இல் தொடங்கி பெப்ரவரி 15 இல் முடியும். பயிரழிவு கடுமையான இடங்களில் உள்ளூர் நிர்வாகம் மற்றக் காலத்திலும் தனி அனுமதி கொடுக்கும்.

அங்கு துப்பாக்கி பெறுவது இலகுவான காரியம் அல்ல. வகுப்பு, எழுத்துப் பரீட்சை, வைத்தியரின் சான்று, சுடும் பயிற்சி என்று படிப்படியாகத் தேற வேண்டும். பொலிஸார் வீட்டாரிடமும் அயலவரிடமும் விசாரிப்பார்கள். குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் சண்டை உண்டா, கடன் தொல்லை உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். இவ்வளவும் முடிந்து துப்பாக்கி கையில் வந்த பின்னர், தோட்டாவுக்கு வேறு சட்டம் தொடங்குகிறது. துப்பாக்கி 1958 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழும், தோட்டா 1950 ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டத்தின் கீழும் வருகின்றன.

தோட்டா வாங்குவதற்குப் பொலிஸ் ஊடாகத் தனி அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். அதில் தொகை குறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் ஒவ்வொரு விற்பனையையும் அதில் பதிவார். பதிவுபெற்ற வேட்டைக்காரர் வேட்டைக்காக ஒரு பருவத்துக்கு 300 வரை இன்னொரு வகைச் சீட்டில் வாங்கலாம். வீட்டில் வைத்திருக்கக்கூடிய உச்சத் தொகை 800. அதற்கு மேல் என்றால் வெடிபொருட் களஞ்சியத்தில்தான் வைக்க வேண்டும்.

வீட்டில் வைக்கும்போது துப்பாக்கி ஒரு பூட்டிய இரும்புப் பெட்டியிலும், தோட்டா வேறொரு பூட்டிய பெட்டியிலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது. ஒரு திருடன் அல்லது ஒரு பிள்ளை ஒரு பூட்டைத் திறந்துவிட்டால்கூட, கையில் கிடைப்பது இரும்போ தோட்டாவோ, இரண்டில் ஒன்றுதான். இந்த விதி மிகச் சிறியது. ஆனால் எத்தனையோ உயிரைக் காக்கக்கூடியது.

இவற்றோடு ஒரு புத்தகமும் உண்டு. வாங்கிய நாள், வாங்கிய இடம், வகை, தொகை ஒருபுறம். சுட்ட நாள், சுட்ட இடம், என்ன தேவைக்கு, எத்தனை என்பது மறுபுறம். கடைசியில் கையிருப்பு. இதை வைத்திருப்பவரே எழுத வேண்டும். கடைசிப் பதிவிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அந்தப் புத்தகத்தைப் பாதுகாக்க வேண்டும். ஆண்டுதோறும் பொலிஸார் துப்பாக்கியைப் பரிசோதிக்கும்போது இந்தப் புத்தகமும் பார்க்கப்படும். தோட்டா தொலைந்தாலோ களவு போனாலோ தாமதமின்றி அறிவிக்க வேண்டும்.

சசெபோவின் பாடம்

இந்தப் புத்தகம் யப்பானில் எப்போதும் இருந்ததல்ல. 2007 டிசெம்பர் 14 அன்று நாகசாகி மாகாணத்தின் சசெபோ நகரில், ஓர் உடற்பயிற்சி நிலையத்துக்குள் ஒருவர் புகுந்து சுட்டார். இருவர் இறந்தனர், ஆறு பேர் காயப்பட்டனர், சுட்டவரும் தன்னை மாய்த்துக்கொண்டார். அவர் கள்ளத் துப்பாக்கி வைத்திருந்தவர் அல்லர்; முறைப்படி அனுமதி பெற்றவர். அவருடைய வீட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் இருந்தன. சட்டம் விதித்த எல்லையோ 800.

எப்படி இவ்வளவு சேர்ந்தது என்று கேட்டபோதுதான் ஓட்டை எங்கே என்று தெரிந்தது. வாங்கியது கடைப் புத்தகத்திலும் அனுமதிச் சீட்டிலும் இருந்தது. ஆனால் சுட்டது எவருடைய புத்தகத்திலும் இல்லை. வாங்கியவர் “சுட்டுத் தீர்த்துவிட்டேன்” என்று சொன்னால் அதைச் சரிபார்க்க வழியில்லை. வரவு மட்டும் எழுதி, செலவு எழுதாத ஒரு சங்கக் கணக்கைப் போல அது இருந்தது. அத்தகைய சங்கத்தின் கதி என்ன என்பது நமக்குத் தெரியும். 2008 இல் சட்டம் திருத்தப்பட்டு, 2009 இல் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டா வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் வரவையும் செலவையும் எழுத வேண்டும் என்ற கடமை சேர்க்கப்பட்டது.

“தானே எழுதும் கணக்கில் பொய் எழுத முடியாதா?” என்று நீங்கள் கேட்கலாம். எழுத முடியும். ஆனால் பொய்யை ஒரு புத்தகத்தில் எழுதுவது இலகு, மூன்று புத்தகங்களில் எழுதுவது கடினம். கடைக்காரரின் புத்தகம், அனுமதிச் சீட்டு, வைத்திருப்பவரின் புத்தகம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி. இவற்றுக்கு மேல் பெட்டிக்குள் இருக்கும் தோட்டாக்கள் நாலாவது சாட்சி. எந்த நாளிலும் எவரும் அவற்றை எண்ணிப் பார்க்கலாம்.

கணக்கு மட்டும் போதுமா?

போதாது. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1996 மார்ச் 13 அன்று ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் என்னும் ஊரில், ஓர் ஆரம்பப் பாடசாலையில் 16 பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும் சுட்டுக்கொல்லப்பட்டனர். கொலைகாரர் அன்று 743 ரவைகளுடன் வந்தார், சுட்டது 106. அவருடைய துப்பாக்கிகளுக்குச் சான்றிதழ் இருந்தது. ஆனால் அவரைப் பற்றிப் பல ஆண்டுகளாக முறைப்பாடுகளும் இருந்தன. ஆளைப் பற்றித் தெரிந்திருந்தும் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டதே அங்கு நடந்த தவறு. அடுத்த ஆண்டு பிரித்தானியா தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதையே தடைசெய்தது.

ஆகவே எண்ணும் கணக்கும் பொருளைக் காக்கும், ஆளை அளக்கமாட்டா. யாருக்கு அனுமதி கொடுப்பது, யாரிடமிருந்து திரும்ப எடுப்பது என்பது மனிதர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய காரியம். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவர், வரம்புத் தகராற்றில் “பார்த்துக்கொள்கிறேன்” என்று சவால் விடுபவர் ஆகியோரின் கையில் எத்தனை ஒழுங்கான கணக்குப் புத்தகம் இருந்தாலும், துப்பாக்கி இருக்கக் கூடாது. இதை அயலவர்கள்தான் முதலில் அறிவார்கள். அறிந்தவர்கள் பேசாமல் இருப்பதும் ஒரு பிழையே.

எமது நாட்டில்

இலங்கையில் இன்றும் அடிப்படையாக இருப்பது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. 1996 இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. வெடிமருந்துக்கு 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது. பயிர்க்காவலுக்கான வேட்டைத்துவக்கின் அனுமதி மாவட்டச் செயலகத்தின் ஊடாகப் பெறப்படுகிறது. அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. டிசெம்பர் 31 உடன் பழைய பத்திரம் முடிந்துவிடும். புதுப்பிக்காத பத்திரம் இல்லாத பத்திரமே.

இங்கே மூன்று விடயங்களை மனதில் இருத்துங்கள்.

முதலாவது, அனுமதி ஆளுக்கு உரியது, குடும்பத்துக்கு உரியதல்ல. தகப்பனின் பெயரில் உள்ள துவக்கை மகன் எடுத்துச் செல்வதும், ஒருவரின் தோட்டாவை அயலவர் வாங்கிச் செல்வதும் குற்றம். உப்பும் மிளகாயும் கைமாற்றாகக் கொடுக்கலாம். தோட்டாவைக் கைமாற்றாகக் கொடுக்க முடியாது. அப்படிக் கொடுத்த ஒன்று நாளை ஒரு கொலையில் கண்டெடுக்கப்பட்டால், கொடுத்தவர் என்ன சொல்லித் தப்புவார்?

இரண்டாவது, அனுமதி பெற்றவர் இறந்துவிட்டால் அனுமதியும் முடிகிறது. எம் மத்தியில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பல. கணவனுடைய பழைய துவக்கும் அரைப்பெட்டித் தோட்டாவும் கூரைமுகட்டில் கிடக்கின்றன என்றால், அதை நினைவுப்பொருளாக வைத்திருக்க முடியாது. கிராம அலுவலரையோ நம்பிக்கையான ஒருவரையோ கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு அறிவியுங்கள். எத்தனை தோட்டா ஒப்படைத்தோம் என்று எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் துண்டுக் கடதாசியே பின்னர் உங்களைக் காக்கும்.

மூன்றாவது, கட்டுத்துவக்கு. ஒரு குழாய், சிறிது வெடிமருந்து, இரும்புத் துண்டுகள், குறுக்கே ஒரு கம்பி, அவ்வளவுதான். அனுமதி இல்லை, இலக்கம் இல்லை, கணக்கும் இல்லை. பன்றிக்கும் மனிதருக்கும் அது வேறுபாடு பார்க்காது. விறகு பொறுக்கப் போனவர்களும், மாடு தேடிப் போன சிறுவர்களும் காலை இழந்திருக்கிறார்கள், உயிரையும் இழந்திருக்கிறார்கள். ஒருவருடைய பயிரைக் காக்க இன்னொருவருடைய பிள்ளையைப் பலிகொடுக்க முடியாது. இது சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் மாறானது.

கணக்கு எழுதும் முறை

அனுமதி பெற்றவர் எவரும் ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியில் இந்தக் கணக்கை வைத்திருக்கலாம். முதற்பக்கத்தில் பெயர், அனுமதிப்பத்திர இலக்கம், துவக்கின் இலக்கம், பத்திரம் முடியும் திகதி ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் ஐந்து கோடு கீறி ஆறு நிரல்கள் பிரியுங்கள்: திகதி, விபரம், வரவு, செலவு, கையிருப்பு, கையொப்பம். ஒரு பருவத்தின் கணக்கு இப்படி இருக்கும்:

ஜனவரி 4: ஒரு பெட்டி வாங்கியது, கடைப் பற்றுச்சீட்டு ஒட்டப்பட்டுள்ளது. வரவு 25. கையிருப்பு 25.

ஜனவரி 11: கிழக்கு வயலில் பன்றிக்குச் சுட்டது. செலவு 2. கையிருப்பு 23.

ஜனவரி 19: ஒன்று வெடிக்கவில்லை, புறம்பாக வைத்துள்ளது. செலவு இல்லை. கையிருப்பு 23.

பெப்ரவரி 2: குளக்கட்டுப் பக்கம் சுட்டது. செலவு 3. கையிருப்பு 20.

பெப்ரவரி 6: வெடிக்காத தோட்டா பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்தது. செலவு 1. கையிருப்பு 19.

ஜனவரி 19 ஆம் திகதிப் பதிவைச் சற்றுக் கவனியுங்கள். வெடிக்காத தோட்டா செத்த தோட்டா அல்ல. ஈரம் காரணமாகவோ அடிமூடியின் பிழையாலோ அன்று வெடிக்காமல் போயிருக்கலாம், நாளை வெடிக்கலாம். ஆகவே அது ஒப்படைக்கப்படும்வரை கையிருப்பில்தான் நிற்கும். “பழுதானதுதானே” என்று வேலிக்கரையில் எறிந்தால், கணக்கில் ஒன்று குறையும். வேலிக்கரையில் ஒன்று பிள்ளைக்காகக் காத்திருக்கும்.

கணக்கு எழுதும்போது நான்கு பழக்கங்கள் வேண்டும். சுட்ட அன்றே எழுதுங்கள். வாரக் கடைசியில் நினைத்து எழுதுவது கணக்கல்ல, கதை. பேனையால் எழுதுங்கள். பிழை வந்தால் அழிக்காமல் ஒரு கோடு கீறி, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பம் இடுங்கள். மாதத்தில் ஒருமுறை பெட்டியைத் திறந்து எண்ணி, புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர் படிக்கும் மகளையோ மகனையோ கொண்டு எழுதுவித்துத் தன் கையடையாளம் இடலாம். ஆனால் தோட்டாவை எண்ணுவது பெரியவரின் வேலை, பிள்ளையின் வேலை அல்ல.

எண்ணும்போது ஒன்று குறைந்தால்? பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். வீட்டிலும் பையிலும் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அன்றே பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். தொலைந்த அன்று சொன்னவர் கவனக்குறைவானவர். கண்டெடுத்த பின்னர் சொன்னவர் சந்தேகநபர். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

இவற்றோடு, உங்கள் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளை ஒருமுறை முழுமையாக வாசியுங்கள் அல்லது பிறரைக் கொண்டு வாசிப்பித்துக் கேளுங்கள். எத்தனை தோட்டா, எந்த வகை, எங்கே வைப்பது என்று விளங்காத இடம் இருந்தால் மாவட்டச் செயலகத்தில் கேட்டுத் தெளியுங்கள். “எனக்குத் தெரியாது” என்பது நீதிமன்றத்தில் பதிலாகாது.

மீளத் திரும்பிய காணிகளில்

2009 இல் போர் முடிந்த பின்னர் சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களும், இனித் திரும்பவிருப்பவர்களும் வேறொரு சிக்கலைச் சந்திக்கிறார்கள். கிணறு இறைக்கும்போதும், பற்றை வெட்டும்போதும், பழைய வீட்டின் அத்திவாரத்தைக் கிண்டும்போதும் ரவைகளும் வெற்றுக் கோதுகளும் வெளிவருகின்றன. பித்தளைக்கு விலை உண்டு என்று சிலர் அவற்றைச் சேர்க்கிறார்கள். இது இரட்டை ஆபத்து. வெடித்தால் கை போகும்; வெடிக்காவிட்டாலும் கணக்கில்லாத ரவை வைத்திருந்த குற்றம் வரும்.

அத்தகைய பொருளைத் தொடாதீர்கள், அடுப்பில் போடாதீர்கள், கிணற்றிலோ குளத்திலோ எறியாதீர்கள். இடத்தைத் தடியோ கல்லோ வைத்து அடையாளப்படுத்தி, பிள்ளைகளை அகற்றி, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள். எப்போது, யாருக்கு அறிவித்தீர்கள் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

எழுதியது நிற்கும்

இடம்பெயர்ந்த நாட்களில் நாம் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். ஓடும்போது உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்தவர்கள் பின்னர் காணியை மீட்டார்கள். விட்டுவிட்டு ஓடியவர்கள் சொந்த வளவின் வேலிக்கு வெளியே நின்று, அது தம்முடையது என்று நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். உண்மை இருவரிடமும் இருந்தது. எழுத்து ஒருவரிடம்தான் இருந்தது.

தோட்டாவின் கணக்கும் அப்படித்தான். அது அரசாங்கம் எம்மைப் பிடிப்பதற்காக வைத்த பொறி என்று சிலர் நினைக்கிறார்கள். நேர்மையாக வைத்திருப்பவருக்கு அது பொறியல்ல, கவசம். எங்கோ ஒரு சூடு நடந்து, ஊரில் துவக்கு வைத்திருப்பவர்கள் எல்லோரும் விசாரிக்கப்படும் நாளில், “வாங்கியது 25, சுட்டது 5, ஒப்படைத்தது 1, இதோ பெட்டியில் 19” என்று சொல்லக்கூடியவர் அன்றிரவு வீட்டில் உறங்குவார்.

குழுவாகச் சிந்திக்க:

1. எமது கிராமத்தில் பயிர்க்காவலுக்குத் துவக்கு இல்லாத வழிகள் எவை? கூட்டுக்காவல், வேலி, ஒளி ஆகியவற்றை இந்தப் போகத்தில் யார் யார் சேர்ந்து செய்யலாம்?

2. அனுமதி பெற்ற துவக்கு உள்ள வீடுகளில், துவக்கும் தோட்டாவும் வெவ்வேறு இடத்தில் பூட்டி வைக்கப்பட்டுள்ளனவா?

3. கட்டுத்துவக்கு வைப்பவரிடம் ஊரவர் எப்படிப் பேசுவது? யார் முதலில் பேசுவது?

4. கணவனையோ தகப்பனையோ இழந்த வீடுகளில் பழைய தோட்டாக்கள் இருந்தால், ஒப்படைப்பதற்கு அவர்களோடு கூடச் செல்ல எமது சங்கத்தில் யார் முன்வருவார்?